கீரை அனுப்ப வேண்டாம்ங்க அக்கா

கள்ளிக்காட்டுப்புதூர்
14-2-2025, வெள்ளி

என் தம்பி கதிர்வேலுக்கு உன் அக்கா வள்ளியாத்தாள் எழுதறது.

எப்படி இருக்கறேன்னு கேட்டா "நல்லாத்தான் இருக்கேனுங்க்கா"ன்னு ஒரே பதிலைத்தான் சொல்லுவே. அதனால கேக்காமலே என் பேச்சுப் பழமையை ஆரம்பிச்சுடறேன். காதுக்கு மிசினு மாட்டுனாலும் போன்ல உன் பேச்சு கொர்ருன்னுதான் கேக்குது. நாலு தடவை "என்ன, என்ன"ன்னு கேட்டா உனக்குக் கோவம் வருது, எனக்கு அழுகை வருது. நமக்கு எப்பவும் காயிதந்தான் ஒத்துவருது. லாரி ஓட்டிட்டு வர்ற ஷாஹுல் தம்பி கையில குடுத்துவிடறேன், நீயும் அவர் கையிலயே பதிலைக் குடுத்துவிடு.

லாரி செவ்வாயும் வெள்ளியும் தவறாம வந்துருது. சிங்காநல்லூர்ல உன் முலாம் பட்டறையில கழுவி விட்ட தண்ணியை நம்ம கெழக்காட்டு போர்ல எறக்கிட்டுப் போறாங்க. உங்க மாமா தொள்ளாயிரத்து இருபது அடி ஓட்டியும் பொகையைத் தவிர ஒண்ணையும் கக்காத போரு அது. சாகற வரைக்கும் அந்தக் கொழாய்க்குள்ள ஒரு கல்லைப் போட்டுப் போட்டுக் காதை வெச்சுக் கேட்டுட்டு வருவாரு. இப்ப அதுக்குள்ள தண்ணி சலசலன்னு போறதை அவர் பார்க்கலையேன்னு எனக்கு வெசனமா இருக்குது. நெலத்துக்குத் தண்ணி குடுத்தா நெலம் நமக்குத் திருப்பிக் குடுக்கும்னு நீ சொன்னே பாரு, அதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். என் தம்பி படிச்சவன், மழைத்தண்ணி மாதிரி பட்டறைத் தண்ணியையும் சேமிக்கறான்னு பீத்திக்கறேன்.

பொங்கலுக்கு நீ ஆள் அனுப்பி மாட்டிவிட்ட தண்ணி சுத்தம் பண்ற மிசினு ஜோரா ஓடுது. குடிக்கவும் சமைக்கவும் அதைத்தான் பொழங்கணும்னு நீ மூணு தடவை சொல்லி அனுப்பினியே, அப்படியே செய்யறேன். தண்ணிதான் சப்புன்னு இருக்குது.

இந்தத் தடவையும் வெறும் லாரியைத் திருப்பி அனுப்ப மனசு வரலை. அரைக்கீரை எட்டுக் கட்டு, பச்சைக் கத்திரி ஒரு கூடை, எளநி பத்து வெச்சிருக்கேன். நீ சத்தியமங்கலத்துக்கு மக நந்திதாளைப் பார்க்கப் போறப்ப அவ ஊட்டுக்கும் பாதியைக் கொண்டு போ. ஆறு வயசுல அம்மாவை எழவு குடுத்துட்டு எங்கிட்ட வந்து நின்ன புள்ளை, என் கையால வெளைஞ்ச கீரையிலதான் வளர்ந்தா. கட்டிக் குடுத்தாச்சுன்னு நாக்கு மாறிப்போகுமா.

பட்டறையே கதின்னு கெடக்காம நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
வள்ளியாத்தாள்

*

சிங்காநல்லூர்
21-2-2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கதிர்வேல் வணக்கத்துடன் எழுதுவது.

முதல்ல நல்ல சேதியைச் சொல்லிடறேனுங்க. நீங்க அத்தைப் பாட்டி ஆகப் போறீங்க. நந்திதாவுக்கு மூணு மாசம். நேத்துத்தான் சத்தியமங்கலத்துல இருந்து மாப்பிள்ளை கூப்பிட்டுச் சொன்னாரு. அவகிட்டப் பேசினப்போ "அத்தைகிட்டச் சொல்லிட்டீங்களாப்பா"ன்னுதான் முதல்ல கேட்டா. அம்மா இல்லாத குறையை நீங்க இருக்கிறதாலதான் அவ உணரலை. அதை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன்.

கீரையும் கத்திரிக்காயும் வந்து சேர்ந்துச்சுங்க. பாதியைச் சத்திக்கு எடுத்துட்டுப் போனேன். கீரை வெண்ணெய் மாதிரி வெந்துச்சு, ரொம்ப ருசின்னு நந்திதா சொன்னா. சிரமப்பட்டு எதுக்குங்க அக்கா அனுப்பறீங்க, உடம்பைப் பார்த்துக்குங்க.

ஒரு விசயம். லாரித் தண்ணியை எறக்கும்போது நீங்க பக்கத்துல போய் நிக்காதீங்க. கொஞ்சம் மஞ்சளா இருக்கும், மூக்குல ஏறும். சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் பண்ணின தண்ணிதான், பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை. ஊருக்குள்ள இதைப் பத்தி ரொம்பப் பேச வேண்டாம். யாராவது கேட்டா மழைநீர் சேமிப்புன்னு சொல்லிடுங்க. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க.

வேலை கழுத்து வரைக்கும் இருக்குதுங்க. அதனாலதான் நேர்ல வர முடியலை.

தங்கள் அன்புத் தம்பி,
கதிர்வேல்

*

கள்ளிக்காட்டுப்புதூர்
6-5-2025, செவ்வாய்

தம்பி கதிர்வேலுக்கு,

நந்திதாளுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறு நடக்குதுன்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கறேன். குமட்டல் நின்னுதா, மாங்காய் கேக்கறாளான்னு எழுது. என் சந்தோசத்துல பாதியை இங்கே ஊர் வெசனம் தின்னுட்டுப் போகுது. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி அண்ணனை உனக்குத் தெரியுமே. நம்ம கெழக்காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய போர். சித்திரை பொறந்ததுல இருந்து அந்தத் தண்ணி மஞ்சளா வருது. லேசா இல்லை, டம்ளர்ல புடிச்சா எலுமிச்சங்காய் சாறு கணக்கா இருக்குது. மூணு ஏக்கர் தக்காளி, எலையெல்லாம் ஓரத்துல நெருப்பு வெச்சாப்புல கருகிப்போச்சு. சொட்டுநீர்க் கொழாய் வாயெல்லாம் அடைச்சுக்குது. செனையா இருந்த செவலை மாடு ஏழாம் மாசம் கன்னைப் போட்டுருச்சு. அவர் மருமகப் புள்ளை சாய்ப்ரியாளுக்கு எட்டு மாசக் கைக்கொழந்தை. அந்தத் தண்ணியிலதான் கஞ்சி காய்ச்சி ஊத்திட்டு இருந்திருக்கறா. கொழந்தை கைகாலெல்லாம் புண்ணு.

நம்ம காட்டுலயும் கெழக்குப் பக்கத் தென்னை நாலு பழுத்துக் கெடக்குது. ஊட்டோரத்துக் கெணத்துல நிறம் மாறலை, வாடைதான் ஒரு மாதிரி அடிக்குது. உனக்கு அனுப்பறதுக்கு நல்ல எலையாப் பார்த்துப் பார்த்துத்தான் பறிக்கறேன், கவலைப்படாதே.

ஊர்ல எல்லாரும் மேக்கால இருக்கற சாயப் பட்டறைதான் காரணம்னு சொல்றாங்க. ராத்திரியில திறந்து விடறாங்கன்னு பேச்சு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கறதுன்னு முடிவாச்சு. எழுத ஆள் வேணும்னாங்க. எம்பட கையெழுத்துத்தான் உனக்குத் தெரியுமே, முத்து முத்தா இருக்கும். மூணு பக்கம் நானே எழுதிக் குடுத்தேன். "எங்கள் மண்ணையும் தண்ணீரையும் விஷமாக்கிய மேற்படி ஆலையின் மீது"ன்னு எழுதறப்போ கோவத்துல பேனா முனை காயிதத்தைக் கிழிச்சுருச்சு. முதல் கையெழுத்தும் நான்தான். மனு வாங்கிட்டு, அடுத்த மாசம் ஒம்பதாந் தேதி ஆபீசருங்க நேர்ல வந்து பார்ப்பாங்கன்னு சொல்லியிருக்காங்க.

நீ இந்த மாதிரி மருந்துத் தண்ணியெல்லாம் பார்த்தவன். ஒரு நடை வந்து காளிச்சாமி அண்ணன் தண்ணியைப் பார்த்து என்னன்னு சொல்லேன். உன்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பேன்.

அக்கா,
வள்ளியாத்தாள்

*

சிங்காநல்லூர்
16-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கடுதாசி பார்த்தேனுங்க. காளிச்சாமி அண்ணன் ஊட்டு விசயம் மனசுக்குக் கஷ்டமா இருக்குது. ஆனா நீங்க இந்த மனு, கலெக்டர் ஆபீஸ்னு அலையறது எனக்குச் சரியாப் படலை. உங்களுக்கும் வயசாகுது. ஊர்ல ஆம்பளைங்க இல்லையா. ஆபீசருங்க வந்தா தோட்டம் தோட்டமா நோண்டுவாங்க. எதுக்கு வம்பு, ஒதுங்கியே இருங்க.

நந்திதாவுக்கு வளைகாப்பு வெச்சுக் கட்டுச்சோறு போட நாள் பார்த்தாச்சுங்க. ஆனி பதினஞ்சு, ஜூன் இருபத்தொம்பது ஞாயித்துக்கிழமை. ஏழாம் மாசம். சத்தியில மாப்பிள்ளை ஊட்டுலதான். நம்ம பக்கம் இருந்து அம்பது பேர் போறோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தக்காளிச்சோறு எல்லாம் இங்கேயே கேட்டரிங்ல சொல்லிட்டேன். நீங்க எதையும் செய்ய வேண்டாம். தோட்டத்துல இருந்து காய், கீரை, எளநி, வாழையெலை எதுவும் கொண்டாராதீங்க. இனிமே லாரியிலயும் கீரை அனுப்ப வேண்டாம்ங்க அக்கா. மாசமா இருக்கற புள்ளை, டாக்டர் எல்லாத்தையும் பார்த்துச் சாப்பிடச் சொல்றாங்க. நீங்க கையை வீசிட்டு வந்து முன்னால நின்னு வளையல் போட்டு விட்டாப் போதும்.

லாரி இன்னும் ரெண்டு மாசம்தான் வரும். அப்புறம் வேற ஏற்பாடு பண்ணிடறேன். அது வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

தம்பி,
கதிர்வேல்

*

கள்ளிக்காட்டுப்புதூர்
23-5-2025, வெள்ளி

கதிர்வேலுக்கு,

உன் காயிதத்தைப் படிச்சுட்டு அடுப்புல அரிசியைப் போட்டேன். போட்டுட்டுத் திரும்பவும் எடுத்துப் படிச்சேன். கட்டுச்சோத்துக்கு நான் சமைக்க வேண்டாம்கறது எனக்கு வருத்தந்தான். ஆனா அது பெரிசில்லை. "தோட்டத்துல இருந்து எதுவும் கொண்டாராதீங்க"ன்னு எழுதியிருக்கே பாரு, அந்த வரிதான் என்னை உக்காரவும் விடலை, நிக்கவும் விடலை. கீரை வேண்டாம்னாச் சரி. எலை கூடவா வேண்டாம்? எலையை யாரும் திங்கறதில்லையே கண்ணு.

இன்னிக்கு லாரி வந்துச்சு. ஷாஹுல் தம்பியை மாட்டுக் கட்டுத்தரைக்கிட்ட நிறுத்தி, கீரை எப்பவாச்சும் ஊட்டுக்குப் போச்சான்னு கேட்டேன். அந்தாளு தலையைக் குனிஞ்சுட்டாரு. எனக்குக் கேக்கணும்னு காதுக்கிட்ட வந்து சொன்னாரு. "தை மாசத்துல இருந்தே ஊட்டுக்குப் போகலைங்கம்மா. உக்கடத்துல குப்பையில கொட்டச் சொல்லிட்டாருங்க. எனக்கு மனசு கேக்காம, மாட்டுக்காச்சும் போடட்டுங்களான்னு கேட்டேன். மாட்டுக்கும் போடாதேன்னாருங்க."

மாட்டுக்கும் போடாதேன்னு சொன்னியாமா.

செவ்வாயும் வெள்ளியும் வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பனி ஈரத்துல குனிஞ்சு நின்னு பூச்சியில்லாத எலையாப் பார்த்துப் பறிச்சேன். முட்டி வலிக்குத் தைலம் தேச்சுட்டுப் பறிச்சேன். நீ "வெண்ணெய் மாதிரி வெந்துச்சு"ன்னு எழுதுனே. அந்த வரியை நான் காளிச்சாமி அண்ணன் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டி, என் தம்பிக்கு என் கீரைன்னாத்தான் எறங்கும்னு சொன்னேன். இப்பத்தான் பொங்கலுக்கு மிசினு எதுக்கு வந்துச்சுன்னும் புரியுது. மொதல் லாரி வர்றதுக்கு நாலு நாள் முன்னால அதை மாட்டிவிட்டுட்டே. உனக்குத் தெரியும். மொதல்ல இருந்தே தெரியும். எனக்குத்தான் தெரியாது. சாயப் பட்டறைக்காரனைத் திட்டி மூணு பக்கம் எழுதுன கைக்குத் தெரியாது.

நெலம் குடிக்குதுன்னு அந்த வாய்க்கிட்ட நின்னு சந்தோசப்பட்டேனே, என்னை விட ஒரு கூமுட்டை இந்தச் சீமையிலயே இருக்க மாட்டா.

லாரியை எறக்க விடலை. போர் வாய் மேல பழைய ஆட்டுக்கல்லை உருட்டி வெச்சு, அது மேல நானே உக்காந்துட்டேன். இதை எழுதி முடிச்சதும் ஷாஹுல் தம்பி நெறஞ்ச லாரியைத் திருப்பிட்டுப் போறாரு. இந்தக் காயிதமும் அவர் கையிலதான் வருது. அந்தத் தண்ணியை நீ எங்கே கொண்டு போவியோ எனக்குத் தெரியாது. வேற ஒரு அக்கா தோட்டத்துக்குக் கொண்டு போகாதே.

லாரி நிக்கறப்பவே மிசினையும் கழட்டிட்டேன். சாய்ப்ரியா ஊட்டுல ஆள் வெச்சு மாட்டிக் குடுத்தாச்சு. எதுக்குங்கன்னு கேட்டா. எனக்கு அந்தத் தண்ணி சப்புன்னு இருக்குதுன்னு பொய் சொன்னேன். அவ என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒரு அறை விட்டிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

உன் கல்யாணத்துல அக்கா தம்பிக்குன்னு இணைச்சீர் வெச்சப்போ கூறைச் சேலையோட ஒரு முனை உன் கக்கத்துல, மறுமுனை என் கையில. அன்னிக்குப் புடிச்சதை இன்னிக்கும் நான் விடலை. அதனாலதான் சொல்றேன். ஒம்பதாந் தேதி ஆபீசருங்க வாராங்க. நீ வந்து உன் வாயால சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன், யார் என்ன பேசினாலும் வாங்கிக்கறேன். உன் மகளுக்கு எலை கூட ஆகாதுன்னா, சாய்ப்ரியா கொழந்தைக்குக் கஞ்சி மட்டும் ஆகுமா? நீ வரலைன்னா நான் சொல்லுவேன்.

அக்கா

*

சிங்காநல்லூர்
31-5-2025

அக்கா,

உங்க கடுதாசியை ஷாஹுல் குடுத்தான். வண்டியிலேயே உக்காந்து படிச்சேன். பட்டறைக்குள்ள போகக் கால் வரலை.

மறைக்க இனி ஒண்ணும் இல்லைங்க. அந்த மஞ்சளுக்குக் குரோமியம்னு பேரு. பம்பருக்கும் கொழாய்க்கும் பளபளப்பு வர்றது அதுலதான். பட்டறைத் தண்ணியைச் சுத்தம் பண்ணற மிசின் போன தீபாவளிக்கே கெட்டுப்போச்சு. சரி பண்ணிக்கலாம், சரி பண்ணிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். ஆர்டர் நிக்கலை. தொட்டி நெறைஞ்சு வழியற அன்னைக்கு உங்க கெழக்காட்டு போர் ஞாபகம் வந்துச்சு. தொள்ளாயிரம் அடிக்குக் கீழே போறது யாருக்கும் மேலே வராதுன்னு நெனச்சேன். பொய் சொல்லலைங்க, நெசமாவே அப்படித்தான் நம்பினேன். நம்பினவன் ஏன் கீரையைக் கொட்டச் சொன்னேன்னு கேப்பீங்க. 

முதல் தடவை கீரை வந்தப்போ சமைக்கச் சொல்லிட்டு உக்காந்தேன். தட்டுல வெச்சதும் கை போகலை. அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். ஒரு தடவை ஊத்தினப்புறம் ரெண்டாவது தடவை சுலபமாப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கட்டுச்சோறு முடியட்டும். இன்னும் ஒரே மாசம். பட்டறையை மூடினா நாப்பது குடும்பம் தெருவுல நிக்கும். பேப்பர்ல பேர் வந்தா சம்பந்தி முன்னால நான் எப்படிப் போய் நிப்பேன். மாசமா இருக்கற புள்ளைக்கு இது தெரிய வேண்டாம். அது முடிஞ்சப்புறம் நானே வந்து காளிச்சாமி அண்ணன் கால்ல விழறேன். ஊருக்கே குடிதண்ணிக்கு வழி பண்றேன். ஒம்பதாந் தேதி மட்டும் வாயைத் தொறக்காதீங்க. போர் மேல மண்ணைத் தள்ளி மூடிடுங்க.

நீங்க சொல்லித்தான் ஆவேன்னா, நான் தடுக்க முடியாது. ஆனா அதுக்கப்புறம் சத்திக்கு வராதீங்க. நான் கூப்பிட மாட்டேன்.  

கதிர்வேல்

*

கள்ளிக்காட்டுப்புதூர்
11-6-2025, புதன்

தம்பிக்கு,

இதைத் தபால்ல போடறேன். லாரி நின்னுபோச்சே.

தபால்ல வந்த உன் காயிதத்தை ஒரு வாரமா முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். நீ கேட்டது ஒரே மாசந்தான். மொதல் நாலு நாள் குடுத்துரலாம்னுதான் நெனச்சேன். நந்திதா கைக்கு வளையல் போட்டு விடணும்கற ஆசை எனக்கு எவ்வளவுன்னு உனக்குத் தெரியும். பச்சை, செவப்பு, ரெண்டு டஜன் வாங்கிக்கூட வெச்சுட்டேன். மண்வெட்டியை எடுத்துட்டுப் போர்கிட்டப் போனேன். மண்ணைத் தள்ளிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அப்போ வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ப்ரியா நின்னுட்டு, "அத்தைங்க, மிசின் தண்ணியில கொழந்தைக்குப் புண்ணு ஆறிட்டு வருதுங்க"ன்னு கொழந்தை காலைத் தூக்கிக் காட்டினா. மண்வெட்டியை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.

ஒம்பதாந் தேதி பதினோரு மணிக்கு ஆபீசருங்க மூணு பேர் வந்தாங்க. ஊரே காளிச்சாமி அண்ணன் காட்டுல கூடிருச்சு. ஒரு அம்மணி குடிக்கத் தண்ணி கேட்டுச்சு. ஊடு தேடி வந்த ஒறம்பரைக்குத் தண்ணி குடுக்க என் கை கூசினது இதுதான் மொதல் தடவை. கடையில வாங்கின கேன் தண்ணியை ஊத்திக் குடுத்தேன். பாட்டில்ல தண்ணி புடிச்சாங்க, மண்ணு எடுத்தாங்க. மேக்கால சாயப் பட்டறைக்குப் போலாம்னு எல்லாரும் கிளம்புனாங்க. நீ வருவேன்னு ரோட்டையே பார்த்துட்டு இருந்தேன். வண்டிச் சத்தம் எனக்குக் கேக்காதுன்னு கண்ணை எடுக்காமப் பார்த்தேன். நீ வரலை.

"அங்கே போக வேண்டாம்ங்க, எங்கூட வாங்க"ன்னு சொல்லிப் போர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஆட்டுக்கல்லைத் தள்ளச் சொன்னேன். எத்தனை லாரி, எந்தெந்த நாள், எல்லாம் சொன்னேன். யாருதுன்னு கேட்டாங்க. மொதல்ல என் பேரைச் சொன்னேன், எடம் குடுத்தது நான்தானே. அப்புறம் உன் பேரைச் சொன்னேன். சொன்னப்போ அழுதுட்டேன். 

காளிச்சாமி அண்ணன் என்னைத் திட்டுவாருன்னு நெனச்சேன். கிட்ட வந்து, "ஏனம்மணி, மனுவை நீங்கதானே எழுதுனீங்க"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. "ஆமாங்கண்ணா. திருத்தி எழுதித் தர்றேனுங்க"ன்னேன். அன்னிக்கே உக்காந்து எழுதினேன். சாயப் பட்டறை பேரை எடுத்துட்டு என் பேரையும் உன் பேரையும் எழுதி, இந்தத் தடவையும் மொதல் கையெழுத்து நானே போட்டேன்.

சாயந்தரம் பார்த்தா, தண்ணி மிசினு நம்ம ஊட்டு வாசல்ல கெடக்குது. சாய்ப்ரியா கழட்டிக் கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருக்கறா. வேலிக்கிட்டப் போய்க் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கலை. நேத்துல இருந்து பஞ்சாயத்து லாரி தண்ணி கொண்டாருது. நான் வரிசையில போய் நின்னா முன்னாலயும் பின்னாலயும் எடம் விட்டு நிக்கறாங்க.

உன் மேல எனக்குக் கோவம் இருக்குது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாசம் போகலை கதிர்வேலு. அது போயிருந்தா எனக்கு இந்த வலி இல்லை. காத்துட்டு இருக்கறேன், ஒரு வரி எழுது.

அக்கா,
வள்ளியாத்தாள்

*

29-6-2025, ஞாயிறு
காலை

கதிர்வேலுக்கு,

நீ எழுதலை. கட்டுச்சோத்துக்குக் கூப்பிடவும் இல்லை. பட்டறைக்குச் சீல் வெச்சுட்டாங்கன்னு ஷாஹுல் தம்பி சொன்னாரு. அவர் இப்ப ஒரு மினி ஆட்டோவுல நம்ம ஊருக்குக் கேன் தண்ணி போடறாரு. நீ சத்திக்குக் கிளம்பறதுக்கு முன்னால குடுத்துரணும்னு அவர் கையிலதான் இதைத் தாட்டிவிடறேன். நான் வரலை. வாசல்ல வந்து நின்னு உன்னைச் சங்கடப்படுத்தலை. பயப்படாதே.

பெரிய தூக்குப்போசியில கீரைச்சோறு இருக்குது. சின்னப் பையில வளையல் ரெண்டு டஜன். மாசமா இருக்கற புள்ளைக்கு அத்தை கையால ஒரு வாய் போகலைன்னா எனக்குச் சோறு எறங்காது. சம்பந்தி கேட்டா கடையில வாங்குனதுன்னு சொல்லிக்கோ. நந்திதா வாயில வெச்சதும் கண்டுபுடிச்சுருவா.

நீ போசியைத் தொறந்து பார்த்துட்டுக் கையை எடுத்துக்குவேன்னு எனக்குத் தெரியும். அதனால சொல்றேன், கேட்டுக்கோ. இது நம்ம காட்டுக் கீரை இல்லை. நேத்து வெடியால மொதல் பஸ் புடிச்சுச் சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு வந்தேன். உன் ஊட்டுக்கு மூணு தெரு தள்ளி. முப்பத்தஞ்சு வருசமா அந்த மாதிரிச் சந்தையில தராசுக்குப் பின்னால உக்காந்தே பழகினவ, மொதல் தடவையாப் பையை எடுத்துட்டு முன்னால நின்னேன். கீரை வாங்கினேன், தக்காளி வாங்கினேன். கேன் தண்ணியில கழுவி, கேன் தண்ணியில வேக வெச்சேன். எங்கூட்டுத் தண்ணி ஒரு சொட்டு இதுல இல்லை.

கீரை வித்த அம்மாகிட்ட இது எந்தத் தண்ணியில வெளைஞ்சதுங்கன்னு கேட்டேன். "நல்ல தண்ணிதானுங்க"ன்னு சொல்லி, கட்டுல ஈரத்தை உதறிக் குடுத்துச்சு. நானும் உனக்கு அனுப்பினப்போ அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். அந்தம்மா பொய் சொல்லலை. அதுகிட்ட யாராவது உண்மையைச் சொல்லியிருந்தாத்தானே.

போசியை நீதான் திருப்பிக் கொண்டாரணும், ஷாஹுல் கையில குடுத்துவிடாதே. வெறும் போசியைத் திருப்பற பழக்கம் நம்ம ஊட்டுல இல்லை. வாரப்போ அது நெறைய நல்ல தண்ணி மொண்டுட்டு வா. மொதல்ல சாய்ப்ரியா ஊட்டு வாசல்ல எறக்கி வெச்சுட்டு, அவங்க சொல்றதை நின்னு கேட்டுட்டு, அப்புறம் இங்கே வா. உலை வெச்சிருக்கறேன்.

அக்கா,
வள்ளியாத்தாள்